ஊமைச்சியின் பாட்டுக்குப் பொழிப்புரை

அவளுக்கு வாய் இருந்தது, கணீரென்ற தொண்டையும் இருந்தது. இருந்தும் பால்பண்ணையில் எல்லோரும் அவளை ஊமைச்சி என்றே கூப்பிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து மொழி அவளுடையது. பண்ணையில் அந்த மொழி தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: அவள், அவளுடைய தம்பி, இரண்டு பேரையும் லாரியில் ஏற்றிக் கூட்டி வந்த மேஸ்திரி. மற்ற ஆட்கள் எல்லாம் சுற்று வட்டாரத்துக்காரர்கள். முதல் வாரம் அவளிடம் பேசிப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள், தலையாட்டினாள், குடம் கேட்டால் துடைப்பம் கொடுத்தாள். "சரிதான், ஊமைச்சி" என்று விட்டுவிட்டார்கள்.

தம்பி அப்படியில்லை. மீசை அரும்புகிற வயசு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க் கெட்ட வார்த்தைகளை முதலில் கற்றுக்கொள்கிற ரகம். மாடுகளுக்கு மேஸ்திரியின் சொந்தக்காரர்கள் பெயரை வைத்துக் கூப்பிடுவான். மேஸ்திரி நடப்பதைப் போலவே வயிற்றைத் தள்ளி நடந்து காட்டுவான். அக்காளுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலிக்கும்.

ஓடையை ஒட்டிய தாழ்நிலத்தில் இருவருக்கும் புல் அறுக்கிற வேலை. அந்தச் சேற்றில் டிராக்டர் இறங்கினால் அச்சுவரை புதையும். அதனால் கை அரிவாள்தான். புல் ஆள் உயரம். அதன் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். ஆளுக்கொரு கிழிந்த முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அக்கா ஒரு வரிசை, தம்பி பக்கத்து வரிசை என்று இறங்குவார்கள். களைப்புத் தெரியாமல் இருக்க அவர்கள் ஊர் வேலைப்பாட்டு ஒன்று உண்டு. ஒருவர் ஓர் அடி பாடி நிறுத்த வேண்டும், மற்றவர் அடுத்த அடியைப் போட்டு முடிக்க வேண்டும். மெட்டு பழசு. வார்த்தை அவரவர் சாமர்த்தியம்.

'தொந்தி முன்னால வருது பாரு' என்று அக்கா எடுப்பாள்.

'தொரை பின்னால வருவாரு' என்று தம்பி முடிப்பான்.

மேஸ்திரி காதில் விழாத தூரம் பார்த்துத்தான் பாடுவார்கள். சுற்றி இருக்கிறவர்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஊருக்கு நடுவில் உட்கார்ந்து திட்டினாலும் யாருக்கும் தெரியாது என்பது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். கதவைச் சாத்திக்கொண்ட வீடு மாதிரி அந்த மொழி.

அறுத்த புல்லைக் கொட்டகைக்குச் சுமந்து போய் நறுக்கும் மெஷினில் கொடுக்க வேண்டும். இரண்டு உருளைகள் புல்லை உள்ளே இழுக்கும், சக்கரத்துக் கத்திகள் நறுக்கித் தள்ளும். உருளைக்கு முன்னால் கை போகாதபடி ஒரு இரும்புத் தகடு இருந்தது. ஈரப்புல் அதில் சிக்கி வேலை மந்தமாகிறது என்று மேஸ்திரி அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

அன்று மற்ற ஆட்களுக்கு விடுமுறை. எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். முதலாளியும் ஊரில் இல்லை. "மாட்டுக்கு ஏதுடா லீவு?" என்று மேஸ்திரி அக்காளையும் தம்பியையும் மட்டும் நிறுத்திக்கொண்டான். மழை பிடித்திருந்தது. அவள் தலைச்சுமையோடு கொட்டகைக்குள் நுழைந்தபோது தம்பியின் சட்டைக்கை உருளைக்குள் இருந்தது. கையும் இருந்தது. மேஸ்திரி ஓடிப்போய் மெயினை அணைத்தான். அணைத்த பிறகு செய்ய வேண்டியதைத்தான் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் தகடு எங்கே என்று கேட்கும். லாரியை எடுக்கலாமா வேண்டாமா என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தான். அவள் அவன் காலைப் பிடித்தாள். தம்பி தரையில் கிடந்து தண்ணீர், தண்ணீர் என்று கேட்டான். அவள் கையால் அள்ளி ஊற்றினாள். பாதி உள்ளே போனது, பாதி வெளியே வழிந்தது. மழை விடுவதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

பம்புசெட்டுக்குப் பின்னால், கருங்கல் ஒன்று கிடக்கிற இடத்தில் குழி தோண்டினான். ஒரு மண்வெட்டியை அவளிடமும் கொடுத்தான்.

"இங்க பாரு," என்றான், அவர்களுடைய மொழியில், தணிந்த குரலில். "இவன் ஓடிப் போயிட்டான். என் பெட்டியில இருந்த பணத்தை எடுத்துக்கிட்டு ஓடிட்டான். ஊர்ல அப்படித்தான் சொல்லப் போறேன். நீயும் அப்படித்தான் சொல்லணும். உன்னோட அடையாள அட்டை எங்கிட்ட இருக்கு. உங்கம்மா என் ஊர்லதான் இருக்கா. தனியா இருக்கா. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. புரியாத வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

ஊரில் அப்படியே சொல்லப்பட்டது. தாய்க்காரி மகனைச் சபித்ததாகவும், திருடனைப் பெற்ற வயிறு என்று தன் வயிற்றிலேயே அறைந்துகொண்டதாகவும் மேஸ்திரி வந்து அவளிடம் சொன்னான். சொல்லிவிட்டுப் பல் குத்தினான்.

முதலாளி ஊர் திரும்பியதும் அவள் ஒருநாள் அவருடைய கார் முன்னால் போய் நின்றாள். கையை மெஷினில் கொடுப்பதுபோல் நடித்துக் காட்டினாள். பம்புசெட்டுப் பக்கம் விரலை நீட்டினாள். தன் மொழியில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு, "என்னப்பா சொல்றா இவ?" என்றார்.

"தம்பி ஓடினதுல புத்தி கொஞ்சம் பிசகிப் போச்சுங்க. மெஷின் வேலைக்குக் கூலி கூட்டிக் கேக்குறா."

"அதான் பார்த்தேன்," என்று சிரித்துக்கொண்டு முதலாளி காரில் ஏறினார்.

அன்றுமுதல் அவள் யாரிடமும் எதையும் சொல்ல முயலவில்லை. ஓடையோரத்தில் தனியாக நின்று பாடத் தொடங்கினாள். அதே பழைய மெட்டு. முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்துவாள். தம்பி பதில் போடுகிற நேரம் மட்டும் காத்திருப்பாள். அரிவாள்கூட அப்போது அசையாது. பிறகு அவன் அடியையும் அவளே பாடி முடிப்பாள்.

'தகட்டைக் கழட்டி வச்சது யாரு?
தண்ணி கேட்டவன் பேரைக் கூறு.
தண்ணி தண்ணின்னு கேட்டானே
தரையில உசுர விட்டானே.
ஓடிப் போனான்னு சொல்றாங்க
ஓடின காலு மண்ணுக்குள்ள.
பம்புசெட்டுக்குப் பின்னாலே
கருங்கல்லுக்குக் கீழே.'

தினமும் பாடினாள். பாடினால் பாரம் குறையும் என்பதெல்லாம் பொய், குறையவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நடந்ததை நடந்தபடி காற்றில் சொல்லாவிட்டால், மேஸ்திரி சொன்ன கதையை ஒருநாள் தானே நம்பிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஓடைக்கு மேலே தார்ச்சாலை. அதன் வழியாகத்தான் பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியார் ஸ்கூட்டரில் போவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பொழிப்புரை. எந்தக் கவிதையை எடுத்தாலும், "பொழிப்புரை எழுதிக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பார். பாடப்புத்தகத்தில் பழைய காலத்துக் கவிதை ஒன்று இருந்தது. இருபது வருடமாக அதை நடத்துகிறார். மலைக்கணவாயில் குதிரையில் போகிற ஒரு வழிப்போக்கன், சரிவில் தனியாக வைக்கோல் வாரும் பெண் பாடுவதைக் கேட்கிறான். அவள் மொழி அவனுக்குத் தெரியாது. கடலோடு போன காதலனைப் பாடுகிறாளா, கைக்குழந்தையைப் பறிகொடுத்ததைப் பாடுகிறாளா, காணாமல் போன ஆட்டைப் பாடுகிறாளா என்று யோசிக்கிறான். கேட்காமலேயே குதிரையைத் தட்டிவிட்டுப் போகிறான். 'பாட்டின் பொருளைக் கவிஞன் ஏன் கேட்கவில்லை?' என்பது பரீட்சையில் தவறாமல் வரும் கேள்வி. 'அழகுக்குப் பொருள் தேவையில்லை என்பதால்' என்று வாத்தியார் பதில் எழுதிப் போடுவார். அந்தக் கவிதை என்றால் அவருக்கு உயிர். "அதையே கட்டிக்கிட்டிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டினீங்க?" என்று அவர் மனைவி கேட்பாள்.

ஒரு காலை நேரத்தில் வண்டி மக்கர் செய்து அவர் அந்த வளைவில் நின்றார். கீழேயிருந்து பாட்டு வந்தது. தண்ணி தண்ணின்னு கேட்டானே. நிறுத்தல். அந்த நிறுத்தலில் ஓடைச் சத்தம் மட்டும். பிறகு மறு அடி. வாத்தியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, உண்மையாகவே அழுதார். இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்தது எதிரில் நிற்கிறதே என்று அழுதார்.

மறுநாள் வகுப்பு முழுவதையும் அந்த வளைவுக்கு நடத்திக் கூட்டி வந்தார். வரிசையாகச் சாலையோரம் நிறுத்தினார். "பேசாதீங்க. அந்த நிறுத்தலைக் கவனிங்க. கவிதை அந்த இடத்துலதான் இருக்கு," என்று காதோடு காதாகச் சொன்னார். பிள்ளைகள் கவனித்தார்கள். கீழே அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை பேர் வெள்ளைச் சட்டையில் நின்று தன்னையே பார்ப்பது எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. குனிந்துகொண்டாள். ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. வாத்தியார் தன் போனில் அதைப் பதிவு செய்துகொண்டார்.

விஷயம் பள்ளிக்கூடத்தில் பரவிற்று. ஆண்டு விழாவில் அந்தக் கவிதையை மேடையில் நடித்துக் காட்டலாம், அந்தப் பெண்ணையே கூட்டி வந்து பாட வைக்கலாம் என்று முடிவாயிற்று. பண்ணை முதலாளிதான் விழாத் தலைவர் என்பதால் அதில் சிக்கலே இல்லை. தலைமையாசிரியை மட்டும் ஒன்று கேட்டார். "பாட்டுக்கு என்ன அர்த்தம் சார்? அழைப்பிதழ்ல ரெண்டு வரி போடணுமே."

அர்த்தம் தேவையில்லை என்று இருபது வருடம் எழுதிப் போட்டவர், அர்த்தம் தேடிக் கிளம்பினார். அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் மேஸ்திரி என்று பண்ணையில் சொன்னார்கள்.

பால் எடை போடுகிற அறையை ஒட்டி மேஸ்திரியின் அறை. வாத்தியாரை நாற்காலியில் உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, மேஸ்திரி பல்குச்சியோடு கட்டிலில் சாய்ந்தான். வாத்தியார் போனை மேஜையில் வைத்துப் பாட்டைப் போட்டார்.

பல்குச்சி நின்றது.

பாட்டு முடிந்தது. "இன்னொரு தடவை போடுங்க சார்," என்றான். மறுபடியும் கேட்டான்.

"என்ன பாட்டு மேஸ்திரி இது? காதல் பாட்டா?" வாத்தியாருக்குப் பொறுமையில்லை. "கடலுக்குப் போன காதலனை நினைச்சுப் பாடறாளா?"

"எங்க ஊர்ல கடல் ஏது சா…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். வாத்தியாரின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்தது. "ஆனா பாட்டுல வரும். ஆமா சார். காதலன்தான். போனவன் திரும்பி வரல."

"நினைச்சேன்!" வாத்தியார் தொடையில் தட்டினார். "இந்த இடத்துல ஒரே வார்த்தை ரெண்டு தடவை வருதே, ரொம்ப உருக்கமா? அது என்ன?"

அது தண்ணீர் என்ற வார்த்தை.

"கடல் சார்," என்றான் மேஸ்திரி. "கடலே, கடலேன்னு கேக்குறா."

வாத்தியார் எழுதிக்கொண்டார். மேஸ்திரி எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினான். "சார், இதை வேற யாருக்காவது போட்டுக் காட்டினீங்களா?"

"இல்லையே, உங்களுக்குத்தான் முதல்ல."

"நல்லது. எங்க பாஷை தெரிஞ்சவங்க இந்தப் பக்கம் யாரும் இல்ல. வீணா அலையாதீங்க."

அடுத்த நாள் காலையில் அவள் வழக்கம்போல் சேற்றில் இறங்கி, நாலு பிடி அறுத்துவிட்டு, பாட ஆரம்பித்தாள்.

'ஓடிப் போனான்னு சொல்றாங்க…'

நிறுத்தினாள்.

'ஓடின காலு மண்ணுக்குள்ள,' என்று அவளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், மெட்டுத் தவறாமல், பாடி முடித்தது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குத் தம்பி என்றே பட்டது. அந்த ஒரு நொடி சந்தோஷத்துக்காக அவள் பிற்பாடு தன்னையே மன்னிக்கவில்லை. திரும்பினாள். மேஸ்திரி வரப்பில் குந்தி உட்கார்ந்திருந்தான். அரிவாள் அவள் கையிலிருந்து நழுவிச் சேற்றில் செருகி நின்றது.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு," என்றான். "பாதிப் பாட்டு அநாதையாக் கிடந்துச்சு, பாவம்னு நான் முடிச்சு வச்சேன். தொந்திப் பாட்டும் உண்டே, காத்துல என் காதுக்கும் வந்திருக்கு. அதையும் பாடேன், கேப்போம்."

அவள் குனிந்து சேற்றிலிருந்து அரிவாளைப் பிடுங்கினாள்.

அன்றே அவளை ஓடையிலிருந்து எடுத்துக் கொட்டகையில் போட்டான். நறுக்கும் மெஷினில் புல் கொடுக்கிற வேலை. தகடு இன்னும் சுவரோரம்தான் சாய்ந்திருந்தது, சிலந்தி கூடு கட்டியிருந்தது. தம்பி நின்ற இடத்தில் அவளை நிறுத்தி, சுவிட்சைத் தட்டிவிட்டு, அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினான். "இப்பப் பாடு! எவனுக்கும் கேக்காது!"

அவள் விரல்களை மடக்கி, புல்லின் நுனியைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தாள். முதல் நாள் முழுவதும் கை நடுங்கிற்று. நடுங்குகிற கையைத்தான் உருளை தேடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நடுக்கத்தை நிறுத்தப் பழகிக்கொண்டாள். அந்தக் கொட்டகையில் அவள் பாடவே இல்லை. பக்கத்தில் வேலை செய்த பெண்கள், "ஊமைச்சி நிஜமாவே ஊமையாயிட்டாடி" என்று சிரித்தார்கள்.

விழா வந்தது. முதலாளியே ஆள் அனுப்பிவிட்டதால் மேஸ்திரியால் மறுக்க முடியவில்லை. மறுக்க வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை, மொழிபெயர்க்கப் போகிறவனே அவன்தானே. லாரியில் வரும்போது அவளிடம் சொன்னான். "கல்யாணப் பாட்டு ஏதாவது பாடு, போதும். உங்கம்மா வீட்டுக்கூரை காஞ்ச ஓலைன்றதை மறந்துடாதே."

பள்ளிக்கூட மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் மலை வரைந்த திரை தொங்கிற்று. வரைந்த மாணவன் மலைக்கு மேலே சூரியனையும் நிலாவையும் சேர்த்தே போட்டிருந்தான். அவளுக்குப் பூப்போட்ட பாவாடை கட்டிவிட்டார்கள். அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய அரிவாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கால்மாட்டில் வைக்கோல் பரப்பியிருந்தது. ஒரு பையன் கட்டைக் குதிரையில் ஏறி ஓரத்தில் நின்றான், அவன்தான் வழிப்போக்கன். வாத்தியார் மைக் முன்னால் வந்து கவிதையைப் பற்றிப் பேசினார். "அந்தக் கவிஞனுக்குக் கிடைக்காத பாக்கியம் இன்னைக்கு நமக்குக் கிடைச்சிருக்கு. இந்தப் பாட்டோட பொருளை நாம தெரிஞ்சுக்கப் போறோம்!" கைதட்டல். மேஸ்திரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இரண்டாவது மைக்கைப் பிடித்தான்.

அவள் கல்யாணப் பாட்டில் ஓர் அடியைப் பாடினாள். பிறகு சபையைப் பார்த்தாள். நாற்காலி நாற்காலியாக, சுவரோரமாக, ஜன்னல் கம்பி வரைக்கும் தலைகள். இத்தனை பேரில் ஒருத்தனுக்குமா நம் பாஷை தெரியாமல் போகும் என்று நினைத்தாள். அம்மாவின் ஓலைக்கூரையையும் நினைத்தாள். இனி இப்படி ஒரு இடத்தில் யார் தன்னை நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

'தொந்தி முன்னால வருது பாரு…'

மேஸ்திரியின் முகம் ஒரு கணம்தான் மாறிற்று. அவள் நிறுத்திய இடத்தில் அவன் மைக்கில் பேசினான். "கப்பலோட பாய் முன்னால தெரியுது, என் மச்சான் பின்னால வர்றான்னு பாடறா."

சபை ரசித்தது.

'தகட்டைக் கழட்டி வச்சது யாரு?'

"என் மனசைக் கழட்டி எடுத்துட்டுப் போனது யாருன்னு கேக்குறா."

வாலிபர் பக்கத்திலிருந்து விசில் பறந்தது.

'தண்ணி தண்ணின்னு கேட்டானே…'

"கடலே, கடலே, அவனைத் திருப்பிக் கொடுன்னு அழுவுறா."

தலைமையாசிரியை கைக்குட்டையை எடுத்தார். அவள் ஒவ்வோர் அடி பாடி நிறுத்தும்போதும், தம்பிக்கென்று விட்டிருந்த அந்த இடத்தில் அவன் பேசினான். அவன் என்ன சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. எதிரே இருக்கிற முகங்கள் தெரிந்தன. பம்புசெட்டுக்குப் பின்னால், கருங்கல்லுக்குக் கீழே என்று தொண்டை கிழியப் பாடினாள். முன்வரிசையில் ஓர் அம்மாள் மடியிலிருந்த குழந்தையின் கையைப் பிடித்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அட்டை அரிவாளைக் கீழே போட்டாள். அந்த ஊர் பாஷையில் தனக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்தாள்.

"தம்பி," என்றாள். "தம்பி… மெஷின். செத்து. தண்ணி… செத்து." மேஸ்திரியின் பக்கம் கையை நீட்டினாள். "இவன்."

மண்டபம் அடங்கிற்று. முதலாளி நாற்காலியில் முன்னுக்கு வந்தார். வாத்தியார் மேடை ஓரத்தில், மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைத்தான் பார்த்தாள். சாலையோரத்தில் நின்று அழுதவர் இவர்தான் என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"பாட்டுக்குள்ளேயே நடிப்பும் உண்டு," என்று மேஸ்திரி மைக்கில் சிரித்தான். "முழுகிப் போனவனைத் தேடுறா. அந்தக் கடல் தெய்வம் நான்தானாம்!"

வாத்தியாருக்கு இந்த ஊர் பாஷை தெரியாதா என்ன? தம்பி என்றால் தம்பி, மெஷின் என்றால் மெஷின். அவருடைய கையிலிருந்த காகிதத்தில் கடல் என்று எழுதியிருந்தது. அழைப்பிதழிலும் கடல் என்றுதான் அச்சாகியிருந்தது. தலைமையாசிரியை அவரைப் பார்த்தார், முதலாளி அவரைப் பார்த்தார். அவர் காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்ட ஆரம்பித்தார். அவர் தட்டியதும் தலைமையாசிரியை தட்டினார், பிறகு சபை முழுவதும் எழுந்து நின்று தட்டிற்று. கட்டைக் குதிரைப் பையன் குதிரையைத் தட்டிவிட்டுப் போனான். திரை விழுந்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் கேட்டாள். "சார், கடைசியில அந்தப் பொண்ணு ஏதோ மெஷின்னு சொன்னாளே? நீங்க கவனிச்சீங்களா?"

"நாட்டுப்புறக் கலைல அதெல்லாம் உண்டு டீச்சர். அந்தந்த இடத்துல தோணுறதைச் சேர்த்துக்குவாங்க."

"செத்துன்னுகூட சொன்னா."

"கடல்ல போனவன் செத்துத்தானே போவான்," என்று சொல்லிவிட்டு வாத்தியார் சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அன்றிலிருந்து அவர் ஸ்கூட்டர் வேறு பாதையில் சுற்றிப் போயிற்று.

அவளை மேஸ்திரி பண்ணைக்குத் திரும்பக் கொண்டு போகவில்லை. விழா முடிந்த கையோடு லாரியில் ஏற்றி, வழியில் ஒரு தோப்பில் நிறுத்தி, பழைய மெஷின் பெல்ட்டால் அடித்தான். முகத்தில் அடிக்கவில்லை. வெளியே தெரிகிற இடத்தில் அடிக்கிற ஆள் இல்லை அவன். இரண்டு நாள் பயணத்தில் வெங்காயக் கிடங்கு ஒன்றில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவளுடைய அடையாள அட்டையை அங்கிருந்த கங்காணியிடம் கொடுத்தான். "பைத்தியம். ஆனா வேலை செய்வா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் அவன் கணக்கில் சேராத ஒன்று நடந்தது. பள்ளிக்கூட எழுத்தர் விழாவை வீடியோ எடுத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர் வரட்டும் என்று அதை எல்லோருக்கும் அனுப்பினார். அது போன் போனாகத் தாவி, மலைக்கு அந்தப் பக்கம் போன் ரிப்பேர் செய்கிற ஒருவனிடம் போய்ச் சேர்ந்தது. மேஸ்திரியின் மொழிபெயர்ப்பு அவனுக்குப் புரியவில்லை. பாட்டு புரிந்தது. ஓடிப்போய்த் தாய்க்காரியைக் கூட்டி வந்தான்.

அவள் கடை வாசலில் உட்கார்ந்து அந்தச் சின்னத் திரையில் மகள் பாடுவதைக் கேட்டாள். தண்ணி என்ற இடம் வந்ததும், "அதை மறுபடி போடு," என்றாள். பிறகு கருங்கல் என்ற இடத்தை. "திருடன்னு சபிச்சேனே," என்று மட்டும் சொன்னாள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று மேஸ்திரிக்கே போன் போட்டு விசாரித்தார்கள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவன் சொன்னான். "பாட்டுதானே, பாட்டுல நூறு சொல்லுவாங்க," என்று அவர்கள் கலைந்தார்கள். பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறவன் அவன். அவனைப் பகைத்துக்கொண்டு அடுப்பை எப்படி மூட்டுவது?

தாய்க்காரி தன்னந்தனியாக பஸ் மாறி பஸ் மாறிப் பண்ணை வாசலுக்கு வந்தாள். வாட்ச்மேனிடம் அழுதாள். வாட்ச்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் இரக்கப்பட்டான். "இரு பாட்டி, உன் பாஷை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு," என்று ஓடிப்போய் மேஸ்திரியைக் கூட்டி வந்தான்.

"என் பிள்ளையை எங்கடா பொதைச்ச?" என்றாள் அவள்.

"மகளைத் தேடி வந்திருக்கு," என்று மேஸ்திரி வாட்ச்மேனிடம் சொன்னான். "அவ வேற ஊருக்குப் போயிட்டா. நான் பஸ் ஏத்தி விட்டுடறேன்."

அவன் கையை நீட்டுவதற்குள் அவள் உள்ளே நடந்துவிட்டாள். வழி அவளுக்குத் தெரியும், மகள் சொல்லியிருந்தாள். பம்புசெட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். கருங்கல் கிடந்தது. அதைச் சுற்றிலும் நட்டிருந்த புதுத் தீவனப்புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவள் குனிந்து, அரிவாள் இல்லாமல் வெறுங்கையால் பிடுங்கினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு மண் தெரிந்ததும் அதில் படுத்துக்கொண்டாள். மேஸ்திரி தடுக்கவில்லை. புல்தானே, மறுபடி முளைக்கும். வெயில் சாய்ந்த பிறகு, தூக்கி பஸ்ஸில் உட்கார வைத்து அனுப்பினான்.

வெங்காயக் கிடங்கில் இருந்த மகளுக்கு இதெல்லாம் அடுத்த பருவத்தில்தான் தெரியவந்தது. மேஸ்திரி கொண்டுவந்து இறக்கிய புது ஆட்களில் அவள் ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். சலிக்கும் மெஷினுக்கு முன்னால், தூசியில் இருமிக்கொண்டே, அந்தப் பெண் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஓலைக்கூரை எரியவில்லை, அப்படியேதான் இருக்கிறது என்றும் சொன்னாள்.

"அம்மா என்ன சொல்லுது?"

"ஒண்ணும் பேசறதில்லக்கா. வாசல்ல உக்காந்திருக்கும். கை ரெண்டும் தழும்பு. ஆனா திருடனோட அம்மான்னு இப்ப யாரும் சொல்றதில்ல."

அவள் தலையாட்டினாள். அழுகிய வெங்காயம் ஒன்று மெஷினின் ஓடும் பட்டையில் நகர்ந்து வந்தது. எடுத்துக் கூடையில் போட்டாள்.

"இவ்வளவும் தெரிஞ்சுமா அவன் லாரியில ஏறின?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் தலை குனிந்தாள். "வேற யாரு லாரி வருதுக்கா?"